ஈறில் ரத்தம் வந்தும் ஆறு வருடம் விட்டுவிட்டேன், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொய்யாக்காயைக் கடித்தால் கடித்த இடத்தில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருக்கும். எனக்கு இது 41 வயதில் தொடங்கியது. பல் தேய்த்துத் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாகப் போகும், ஆனால் வலி கிடையாது, வீக்கமும் தெரியவில்லை, அதனால் பிரஷ்தான் முரடாக இருக்கிறது என்று மெதுவான பிரஷ் வாங்கினேன், ரத்தம் வரும் பக்கத்தைத் தேய்க்காமலே விட்டேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான். ரத்தம் வருகிற இடத்தில்தான் அழுக்குப் படலம் உட்கார்ந்திருக்கிறது, அங்கே பிரஷ் போகாவிட்டால் அது இன்னும் தடிக்கும்.

பல் டாக்டரிடம் போகாததற்குப் பணம் காரணம் இல்லை. "கிளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சிடும்" என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பிய பேச்சு. என் பெரியப்பா ஸ்கேலிங் (இந்தப் பல் சுத்தம்தான்) செய்துகொண்டு வந்தார், அடுத்த ஒரு வருடத்துக்குள் கீழ்முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. அதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் வேறு என்ன சொன்னாலும் ஏறாது. எனக்கும் ஏறவில்லை.

47 வயதில் கீழ்முன்பல் ஒன்று நாக்கால் தள்ளினால் அசைந்தது. வாய் நாற்றம் அடிக்கிறது என்று என் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், அது மனதைத் தைத்துவிட்டது. அந்த வாரமே ஈரோட்டில் ஈறு சிகிச்சைக்கென்றே மேற்படிப்பு படித்த ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

அவர் முதலில் ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். கூர்மை இல்லாத முனை, உடம்பில் மில்லிமீட்டர் கோடுகள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளந்து சத்தமாகச் சொல்ல, உதவிக்கு இருந்த பெண் எழுதிக்கொண்டே வந்தது. "மூணு, ரெண்டு, மூணு" என்று போய்க்கொண்டிருந்தது கடைவாய்ப் பக்கம் வந்ததும் "அஞ்சு, ஆறு, ஏழு" ஆனது. மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலை இல்லையாம். அதற்கு மேல் இறங்கினால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். என் வாயில் ஏழு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பை இருந்திருக்கிறது, ஒரு நாள்கூட வலித்ததில்லை.

அப்புறம் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். பல்லில் படியும் கிருமிப் படலத்தை எடுக்காமல் விட்டால், எச்சிலில் இருக்கும் கால்சியம் போன்ற உப்புகள் சேர்ந்து சில நாட்களிலேயே அது இறுகிக் காரையாகிவிடும், அதற்கப்புறம் எந்த பிரஷாலும் எடுக்க முடியாது. காரையின் சொரசொரப்பில் இன்னும் கிருமி தங்கும். ஈறு மட்டும் வீங்கியிருக்கும் முதல் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். அது முற்றினால், கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டையிலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது, மேலே கரையாமல் நிறுத்தத்தான் முடியும்.

நான் பெரியப்பா கதையைச் சொன்னேன். அவர் என் முன்பல் எக்ஸ்ரேயைத் தொட்டுக் காட்டி, "இங்க பாருங்க சார், வேர்ல பாதிக்கு மேல எலும்பு இல்ல. இந்தப் பல்லை இப்ப பக்கத்துப் பல்லோட சேர்த்துக் காரைதான் பிடிச்சிட்டிருக்கு. அதை எடுத்தா ஆட்டம் தெரியும். ஆட்டம் ஏற்கெனவே வந்தாச்சு, நமக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். பெரியப்பா ஸ்கேலிங்குக்குப் போனபோதே அவர் எலும்பு போய்விட்டிருக்க வேண்டும். பத்து வருடம் முன்னால் யாராவது அவரைக் கூட்டிப்போயிருந்தால் அந்தப் பற்களோடு இருந்திருப்பார் என்று நினைக்கும்போது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சிகிச்சை எப்படி என்றால், முதல் நாள் அதிர்வுக் கருவியால் ஈறுக்கு மேலே தெரியும் காரையை எடுத்தார்கள். அடுத்து வாயை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு பாகம், மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்குக் கீழே வேர் வரைக்கும் சுரண்டினார்கள். வலி இல்லை, சத்தம்தான் தலைக்குள் கேட்கும். முதலில் கரகரவென்று சிமெண்ட் தரையைக் கீறுவது போல இருக்கும், சுரண்டச் சுரண்டச் சத்தம் மெலிந்து, கடைசியில் கருவி கண்ணாடியில் வழுக்குவது போலப் போகும். அந்த வழுவழுப்பு வந்தால்தான் அந்தப் பல்லை விட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள்.

அதற்கப்புறம் சுமார் மூன்று வாரம் குளிர்ந்த தண்ணீர் சுரீர் என்றது. வீக்கம் வற்றியதால் பல் நீளமாகத் தெரிந்தது, நடுவில் சந்து தெரிந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இரண்டு வாரம் மட்டும் கொடுத்தார்கள், அதற்கு மேல் போட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசியும் கெடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன்பே என்னைச் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 8.1 என்று வந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அதுவரை தெரியாது! சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறாது, ஈறு புண்ணாகவே இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்கும். உங்களில் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் தயவுசெய்து ஈறையும் ஒருமுறை காட்டுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். பெரும்பாலான இடங்கள் மூன்று, நான்குக்கு வந்துவிட்டன. கடைவாயில் இரண்டு இடம் மட்டும் ஆறிலேயே நின்றதால் அங்கே ஈறைத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போட்டார்கள். ஆடிய முன்பல்லைப் பக்கத்துப் பற்களோடு உள்பக்கமாக மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக இருக்கிறது.

நீங்களும் எழுதுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, என் அம்மாவுக்கு வேறு மாதிரி வந்தது. ஈறு பல்லை மூடுகிற அளவுக்கு வளர்ந்துகொண்டே போனது, பல்லுக்கு நடுவில் சதை முடிச்சுகள். புற்றுநோயோ என்று பயந்து தூங்காமல் கிடந்தோம். பல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, பிரஷருக்கு என்ன மாத்திரை போடுறீங்க?" அம்லோடிபின். அந்த மாத்திரை சிலருக்கு ஈறை இப்படி வளர்க்குமாம், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயினும் அப்படித்தானாம். அவரே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், பிரஷர் டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையை மாற்றினார். சுத்தம் செய்து, நாலைந்து மாதத்தில் பாதி வற்றியது, மிச்சத்தை வெட்டி எடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், டாக்டர் மாற்றிக் கொடுத்தால் மட்டும்தான்.

சென்னையிலிருந்து:

நான் 22 வருடம் சிகரெட் பிடித்தவன். எனக்கு ரத்தமே வரவில்லை, அதனால் என் ஈறு கெட்டி என்று நினைத்திருந்தேன். புகை பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும், உள்ளே எலும்பு கரைந்தாலும் ரத்தம் வந்து காட்டிக்கொடுக்காது என்று கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில்தான் சொன்னார்கள். காத்திருக்க வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள். முதுகலை மாணவர்கள் செய்கிறார்கள், பேராசிரியர் வந்து சரிபார்க்கிறார், ஒரு பல்லுக்கு அவர்கள் செலவழித்த நேரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிகரெட்டை விட்ட பிறகு சில வாரம் எனக்கு ரத்தம் வந்தது. அது ஓட்டம் திரும்புவதற்கு அடையாளம், பயப்படாதீர்கள் என்றார்கள். நான்கு பல் போனது போனதுதான். மிச்சம் 24 இருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து:

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது ஈறு வீங்கி ரத்தம் வந்தது. பிரசவம் முடியட்டும் என்றார் மாமியார். எனக்குப் பிரசவம் பார்க்கும் டாக்டரோ, நடு மூன்று மாதம்தான் இதற்கு வசதியான காலம், உடனே போ என்று அனுப்பினார். அரை மணி நேரத்தில் சுத்தம் செய்துவிட்டார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை.

கேள்வி ஒன்று:

சார், வேப்பங்குச்சி, உப்புத் தண்ணீர், கிராம்புத் தைலம் இவையெல்லாம் போதாதா? தாத்தா உமிக்கரியில் தேய்த்து 80 வயது வரை பல்லோடு இருந்தார்.

பதில்:

தம்பி, உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் ஈறுக்கு இதமாக இருக்கும், நானும் செய்கிறேன். ஆனால் இறுகிப்போன காரையை எதுவும் கரைக்காது. கிராம்புத் தைலம் வலியை மறைக்கும். உமிக்கரி பல்லைத் தேய்த்தே தேய்த்துவிடும், ஈறையும் கீழே தள்ளும். தாத்தாவுக்கு உடல்வாகு துணை நின்றிருக்கலாம், எனக்கு நிற்கவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வை, அங்கேயே சின்னதாக அசை, அப்புறம் பல்லின் நுனிப் பக்கமாக உருட்டு. குறுக்காக அறுக்காதே. பல் இடுக்குக்கு பாட்டில் பிரஷைச் சிறிதாக்கியது போல ஒரு பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது, எந்த அளவு உனக்குச் சரி என்று டாக்டரிடமே கேட்டு வாங்கு, இடத்துக்கு இடம் அளவு மாறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர் வீட்டில் இருந்தால் ஸ்கேலிங்குக்கு முன்பே சொல்லிவிடச் சொல்.

என்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை போய்வந்தேன். அதே கடைவாய்ப் பல், அதே கம்பி. "நாலு, மூணு, நாலு" என்றார் டாக்டரம்மா, கம்பியை எடுத்தபோது அதில் ரத்தம் இல்லை.