யாரும் திறக்காத ஆப் என்று நினைத்து அழித்த அனுபவம் உண்டா?

ஓசூர்_ஐடி
மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ்தான், அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் சின்னச் சின்ன ஆப் செய்துகொள்ளும் கருவி. டிஃபால்ட் என்விரான்மெண்டில் (எல்லோருக்கும் பொதுவான இடம்) நானூறுக்கு மேல் ஆப்கள். பாதிக்கு மேல் "டெஸ்ட்", "லீவ் ஃபார்ம் காப்பி" வகையறா. ஆப்களைக் கண்காணிக்க மைக்ரோசாஃப்ட் தரும் ஸ்டார்ட்டர் கிட் போட்டு, ஆறு மாதம் திறக்கப்படாத ஆப்புக்கு ஓனருக்கு மெயில், பதில் வராவிட்டால் 30 நாளில் அழிப்பு என்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். மார்ச் 1 அன்று ஒரே மூச்சில் 140 அழித்தேன். மேனேஜர் பாராட்டிக்கூட மெயில் போட்டார்.

மார்ச் 31 இரவு ஒன்பதரை மணிக்கு ஸ்டோர்ஸ் அண்ணனிடமிருந்து போன். "தம்பி, அந்தப் பச்சைக் கலர் ஆப் எங்கே போச்சு?" பெயர் அவருக்குத் தெரியாது. வருடக் கடைசி ஸ்டாக் எடுக்க மட்டும் திறப்பாராம். ஆப்பைச் செய்தவர் அக்டோபரிலேயே ரிசைன் பண்ணிவிட்டார். என் மெயில் போனது அவருடைய மூடிய கணக்குக்கு.

அழித்த கேன்வாஸ் ஆப்பை (இந்த வகை ஆப்புக்கு அதுதான் பெயர்) அட்மின் 28 நாளுக்குள் மீட்கலாம். எனக்கு 30 நாள் ஆகியிருந்தது. தரவு இருக்கும் ஷேர்பாயிண்ட் லிஸ்ட் பத்திரமாக இருந்தது, திரைதான் இல்லை. அண்ணன் போன் டார்ச்சை ரேக் மேல் அடித்து ஒவ்வொரு தட்டின் நம்பரையும் சொல்லச் சொல்ல, நான் கவிழ்த்த அட்டைப்பெட்டியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எக்செலில் அடித்தேன். விடிகாலை நாலு மணி. நடுவில் ஒருமுறை நிறுத்தி, "யாருப்பா இதை யாரும் பயன்படுத்தலைன்னு சொன்னது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோவை_கணக்கு
எங்களுக்கு வருமான வரி ஆதாரம் சமர்ப்பிக்கும் ஆப். ஜனவரியில் மட்டும் உயிர் வரும். டிசம்பரில் தூக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் கதை.

ஆனால் உங்கள் ஆறு மாதக் கணக்கே தப்பு. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வேலைக்குக் குறைந்தது 13 மாதமாவது பார்க்க வேண்டும். ஆடிட் லாக் (யார் எப்போது திறந்தார் என்ற பதிவு) சாதாரண உரிமத்தில் 180 நாள்தான் நிற்கும், 2023 அக்டோபருக்கு முன்னால் 90தான். அதனால் திறந்த எண்ணிக்கையை இன்றிலிருந்தே தனியாகச் சேர்த்து வையுங்கள். ஓனருக்கு மட்டும் மெயில் போடாதீர்கள், ஆப் யாரிடம் ஷேர் ஆகியிருக்கிறதோ அவர்களுக்கும் போடுங்கள். அழிக்கும் முன் குவாரண்டைனில் போடுங்கள், அதாவது அழிக்காமல் தற்காலிகமாக முடக்கி வையுங்கள். திறப்பவருக்கு அட்மினைக் கேளுங்கள் என்று வரும், ஒரு நிமிடத்தில் விடுவிக்கலாம். பேக்கேஜாக எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், சில எம்பிதான். அப்புறம் ஃப்ளோக்களையும் (தானாக ஓடும் வேலைகள்) பாருங்கள். பிரீமியம் (தனிக் கட்டண) உரிமம் இல்லாதவருடைய ஃப்ளோ 90 நாள் ஓடாவிட்டால் தானாகவே ஆஃப் ஆகிவிடும். வருடாந்திர நினைவூட்டல் ஃப்ளோ செத்துப் போனது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது நினைவூட்டவில்லை என்பதை நினைவூட்ட யாரும் இல்லை.

கேட்_நம்பர்_2
எனக்கு நேர் எதிர் கதை. வருகையாளர் பதிவு ஆப், தினமும் தவறாமல் திறக்கப்படுகிறது. ரிப்போர்ட்டில் முதல் பத்துக்குள். லிஸ்டைப் பார்த்தால் பல மாதமாக ஒரு வரிகூட ஏறவில்லை. கோளாறு என்று நினைத்து கேட்டுக்கு நேரில் போனேன். செக்யூரிட்டி அண்ணன் காலையில் டேப்லெட்டை ஆன் பண்ணுகிறார், சொல்லிக்கொடுத்தபடி ஆப்பைத் திறக்கிறார், அப்படியே கவிழ்த்து நோட்டுப் புத்தகத்தின் மேல் வைக்கிறார். மின்விசிறிக் காற்றில் பக்கம் பறக்கக் கூடாதாம். பெயரெல்லாம் நோட்டில் முத்து முத்தாக இருந்தது.

அதனால் 13 மாதமோ 6 மாதமோ, திறந்த எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். லிஸ்டில் கடைசியாக வரி ஏறிய தேதியைப் பாருங்கள்.

பழைய_ஆக்சஸ்
கணக்கு அண்ணன் சொல்வதெல்லாம் சரி. ஆனால் 13 மாதம் வைத்திருந்தால் பிரீமியம் கனெக்டர் (தனிக் கட்டணம் கேட்கும் தரவு இணைப்பு) போட்ட ஆப்களுக்கு ஆளுக்கு மாதம் 20 டாலர் யார் கட்டுவது? எங்களிடம் ஒருவருக்கு அவர் செய்த 61 ஆப்பின் பட்டியல் மெயிலில் போனது. ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் "வேண்டும்" என்று பதில் வந்தது, "டெஸ்ட் 7" உட்பட. நேரில் கேட்டால், "நான் கஷ்டப்பட்டு செஞ்சதை ஏன் சார் அழிக்கணும்?" என்கிறார். ஓனரைக் கேட்டால் இப்படி, கேட்காவிட்டால் ஓசூர்க்காரர் மாதிரி.

இதற்கு கூகுள் பரவாயில்லை. இதே மாதிரி ஆப் செய்யும் கருவியான ஆப் மேக்கரை 2021 ஜனவரி 19-ல் மூடுவதாகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்னாலேயே சொன்னார்கள். எங்கள் கேன்டீன் டோக்கன் ஆப் அதில்தான் இருந்தது. தேதி தெரிந்ததால் யாரும் யாரையும் திட்டவில்லை.

கோவை_கணக்கு
20 டாலர் ஆளுக்குத்தான், ஆப்புக்கு இல்லை. வேறு ஆப்பும் அவர் பயன்படுத்தினால் எதை மூடினாலும் அந்தப் பணம் போகத்தான் போகும். முதலில் அதைக் கணக்குப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய_ஆக்சஸ்
வேறு ஆப்பே இல்லாதவர்கள் எங்களிடம் முப்பது பேர். கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஓசூர்_ஐடி
சண்டை வேண்டாம். ஆப் யாரிடம் ஷேர் ஆகியிருக்கிறதோ அவர்களுக்கும் மெயில் போடச் சொன்னார் கணக்கு அண்ணன், அதைச் செய்து பார்த்தேன். ஸ்டோர்ஸில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பொது லாகின். அந்த மெயில் பெட்டியைத் திறந்தால் படிக்காத மெயில் 2,300 கிடந்தது. குவாரண்டைன் யோசனையை எடுத்துக்கொண்டேன், அது இருந்திருந்தால் அன்றைக்குப் பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இந்த வருடம் பிப்ரவரியிலேயே அதே லிஸ்ட்மேல் புது ஆப் செய்து, ஸ்டோர்ஸுக்குப் போய் அண்ணனிடம் காட்டினேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா இது நீலமா இருக்கே?"