எபேன் அலுவலகத்தில் சொந்த மேசை வேண்டுமா?

ரோஸ்ஹில்காரி:
மொரீஷியஸின் எபேனில் நான் வேலை பார்க்கும் இடத்தில் இனி 90 பேருக்கு 55 மேசைதான். வருகைப் பதிவைக் கூட்டி வகுத்து, சராசரி அவ்வளவுதான் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வருவது 70 பேர், வெள்ளிக்கிழமை 20. நேற்று இடமில்லாமல் சாப்பாட்டு அறையில், டால் பூரி வாசத்துக்கு நடுவே சம்பளப் பட்டியலை முடித்தேன். பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படக் கூடாதே என்று மடிக்கணினியைப் பாதி மூடியபடியே தட்டச்சு செய்தேன்.

மோகாவிலிருந்து:
தங்கச்சி, எங்கள் நிறுவனத்தில் கட்டடம் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை விளக்கை அணைக்கப் போனால் தளம் முழுக்க வெற்று நாற்காலிகள். அவற்றுக்கும் வாடகை, குளிரூட்டி, துப்புரவு. அந்தப் பணத்தில் நிம்மதியாகப் பேச நான்கு அறைகள் கட்டலாமே!

ரோஸ்ஹில்காரி:
மேசையை எடுத்துவிட்டார்கள் அண்ணா, அறையைக் கட்டவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் சியாட் டே விளம்பர நிறுவனம் 1990களிலேயே சொந்த மேசைகளை ஒழித்தது. ஊழியர்கள் கோப்புகளைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். சில ஆண்டுகளில் நிறுவனமே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது.

கியூர்பிப் மழை:
தடுப்பை எடுத்தால் கலந்து பேசுவார்கள் என்பதும் நடக்கவில்லை. ஹார்வர்டின் பெர்ன்ஸ்டீனும் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அலுவலகத்துக்கு மாறிய பிறகு நேரில் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எங்கள் தளத்திலும் எல்லார் காதிலும் ஹெட்போன்தான். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட மேசையைத் தட்ட வேண்டியிருக்கிறது.

மோகாவிலிருந்து:
அதற்குச் சொந்த மேசை மருந்தாகாது. 2024 ஜனவரி 15, பெலால் புயலன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. வேலை மேசையோடு கட்டுண்டு கிடந்தால் அப்படிப்பட்ட நாளிலும் ஆள் கிளம்பத்தான் வேண்டும். எங்கிருந்தும் செய்ய முடிகிற வேலையாக மாற்றுங்கள் என்கிறேன்.

ரோஸ்ஹில்காரி:
புயல் நாளில் வீட்டிலிருந்து வேலை செய்ய நான் தயார். செவ்வாய்க்கிழமைக்கு என்ன வழி? கிழமைவாரியாக, பிரிவுவாரியாக எண்ணுங்கள். சம்பளக் கணக்குக்குப் பூட்டுள்ள ஓர் அறை கொடுத்துவிட்டு, மற்ற மேசைகளைப் பொதுவாக்கினால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

மோகாவிலிருந்து:
பூட்டுள்ள அறை நியாயம். எங்கள் தளத்தில் கிழமைவாரியாக நான் எண்ணியதில்லை. திங்கள் முதல் இரண்டு வாரம் எண்ணுகிறேன். ஆளுக்கொரு மேசைக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.