சொந்த நிலம் இருக்கும்போது பிறையில் எதற்கு வாடகை?

சிப்புட் மருமகன்:
என் மாமாவுக்குப் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் சொந்த நிலம் இருக்கிறது. கணினி வைத்து உலோகம், பிளாஸ்டிக்கைத் துல்லியமாக வெட்டும் சிஎன்சி மெஷின் இரண்டு வாங்கி அங்கேயே பட்டறை போடப்போகிறேன் என்கிறார். ஆர்டர் தருகிறேன் என்றவர்கள் எல்லோரும் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்கள். தீவுக்கு எதிர்க்கரையில் பிறையிலோ புக்கிட் மின்யாக்கிலோ இடம் பார்க்கலாமே என்றால், நெடுஞ்சாலைதான் இருக்கிறதே, இரண்டு மணி நேரத்தில் சரக்கு போய்விடும், மாதாமாதம் வாடகையை எதற்குக் கொட்டுவது என்று கேட்கிறார். கணக்குப் போட்டால் அவர் சொல்வது சரியாகத்தான் தெரிகிறது. அப்படியென்றால் இத்தனை கம்பெனிகளும் ஏன் அந்த நெரிசலிலேயே போய் உட்கார்ந்திருக்கின்றன?

பாயான் பாரு அக்கா:
தம்பி, நான் பாயான் லெப்பாஸில் சிப்பைச் சோதிக்கும் டெஸ்ட் லைனில் 23 வருடம் இருந்தவள். முதலில் அவர்களை வரவழைத்தது அரசாங்கம்தான். 1969இல் பினாங்கு வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது, ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். முதலமைச்சர் லிம் சோங் யூ வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடிப் போய் அழைத்தார், 1972இல் வயல்காடாகக் கிடந்த பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை இன்றைக்கும் எட்டு சாமுராய் என்பார்கள். வரிச்சலுகை பிறகு எத்தனையோ ஊர்களில் கிடைத்தது, ஆனாலும் அங்கே தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டுதான் போயின.

ஏன் என்று ஒரு ராத்திரி எனக்குப் புரிந்தது. சிப்பை சோக்கெட்டுக்குள் அழுத்துகிற புஷர் என்று ஒரு பாகம், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், அதன் ஓரம் தேய்ந்து மெஷின் நின்றுவிட்டது. மணி பதினொன்று. எங்கள் டெக்னீஷியன் அதை டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பக்கத்துப் பட்டறைக்குப் போனார். பட்டறை முதலாளியான அந்த தவுக்கே முன்பு எங்கள் லைனில் வேலை பார்த்தவர், டிராயிங்கூடக் கேட்கவில்லை, தேய்ந்ததை அளந்து பார்த்து நாலு மணிக்குப் புதுசு செய்து கொடுத்துவிட்டார். காலை ஷிப்ட் வரும்போது லைன் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப் பெரிய இடத்தில் தொழில் கற்று வெளியே வந்து பட்டறை போட்டவர்கள் அங்கே நிறையப் பேர். உங்கள் மாமா போட்டியிடப்போவது அவர்களோடுதான்.

ஃபார்வர்டிங்காரன்:
அக்கா சொன்னதோடு சரக்குப் போக்குவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப் எடை குறைவு, விலை அதிகம், அதனால் விமானத்தில் போகும். விமான நிலையமும் பாயான் லெப்பாஸிலேயே இருப்பது அவர்களுக்குப் பெரிய வசதி. கனமான சரக்குக்குப் பிறைதான், பக்கத்திலேயே பட்டர்வொர்த் துறைமுகமும் ரயிலும் இருக்கின்றன. கிள்ளான் துறைமுகத்துக்கும் ஷா ஆலமுக்கும் இடையில் தொழிற்சாலையும் கிடங்கும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான்.

என் லாரி ஒரே சுற்றில் ஐந்து இடத்தில் ஆளுக்கொரு பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) ஏற்றும், செலவை ஐந்து பேரும் பகிர்ந்துகொள்வார்கள். சுங்கை சிப்புட்டில் ஒரே ஒரு பெட்டிக்காக வந்தால் போகவர முழு வாடகையும் மாமா தலையில்தான் விழும், ஒரு வழி லாரி காலியாக ஓடும்.

பத்து காவான்வாசி:
நெரிசலில் கஷ்டமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். நான் இரண்டு பையன்களுக்கு இரண்டு வருடம் தொழில் கற்றுக்கொடுத்தேன், பக்கத்துப் பெரிய கம்பெனி கூடுதல் சம்பளம் காட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மனசு விட்டுப்போனது. ஆனால் அவர்களுக்குப் பதிலாக வேலை தெரிந்த இன்னொருவர் பத்தே நாளில் கிடைத்தார், அதுவும் இங்கே இருப்பதால்தான்.

தீவில் இடம் போதாமல் தொழில் வெளியே வந்தபோதும் தூரமாகப் போகவில்லை, பாருங்கள். 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க் கெடாவில் இருந்தாலும் பிறையிலிருந்து எட்டும் தூரம்தான். 2014இல் தீவில் இருக்கும் பத்து மாவுங்கையும் இக்கரையில் இருக்கும் பத்து காவானையும் இணைத்து 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம் வந்த பிறகு எங்கள் பக்கம் கட்டடமாக எழும்புகிறது.

மாமா செய்யப்போவது மாதம் ஒருமுறை மொத்தமாக அனுப்பும் பாகம் என்றால் சொந்த நிலமே போதும், தைரியமாகப் போடட்டும். அவசர வேலை என்றால் முடியாது. ஒரு மெஷினைச் சின்ன வாடகை இடத்தில் இங்கே வைத்துவிட்டு இன்னொன்றை அங்கே வைத்தால் என்ன?

சிப்புட் மருமகன்:
எல்லாவற்றையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். லாரி காலியாக ஓடும் என்ற இடத்தில் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இந்தச் சனிக்கிழமை பிறைக்கு வந்து இடம் பார்க்கிறோம். அக்கா, அந்த புஷரை எதில் செய்வார்கள் என்று கேட்கச் சொன்னார்.

பாயான் பாரு அக்கா:
எங்களுடையது ஸ்டாட்டிக் சேராத கறுப்பு பிளாஸ்டிக், தம்பி. அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் சிப் உடையும். சனிக்கிழமை வரும்போது சொல்லுங்கள், பழசு ஒன்று வீட்டில் இருக்கிறது, மாமா கையில் எடுத்துப் பார்க்கட்டும்.