ஸ்விஃப்ட் டீசல் ரீமேப் பண்ண அப்புறம் கருப்புப் புகை, அஞ்சாவது கியர்ல ஆர்பிஎம் மட்டும் ஏறுது, உதவி பண்ணுங்க

சேலத்து ஸ்விஃப்ட்:
வணக்கம்ங்க. வண்டி 2013 ஸ்விஃப்ட் இசட்டிஐ, 1248 சிசி மல்டிஜெட், 75 பிஎஸ் பவர். கம்பெனி கணக்கு லிட்டருக்கு 22.9, எனக்கு ஹைவேல 20க்கு மேல தாராளமா குடுத்துட்டு இருந்துச்சு. குறைன்னா டர்போ லேக் ஒண்ணுதான், 2000 ஆர்பிஎம் தொடுற வரைக்கும் உசுரே இருக்காது, லாரிய ஓவர்டேக் எடுக்கறப்ப பயமாவே இருக்கும். அதுக்காகத்தான் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் ஈசியூல இருக்குற கம்பெனி செட்டிங்கை மாத்தறது) பண்ணேன். 95 பிஎஸ், 240 என்எம் டார்க் (இழுவை) வரும்னாங்க (கம்பெனியில 190), மைலேஜும் ஏறும்னாங்க. பிக்கப் நெஜமாவே நல்லா இருக்கு. ஆனா சேலத்துல இருந்து தர்மபுரி போறப்ப தொப்பூர் ஏத்தத்துல அழுத்தி மிதிச்சா கண்ணாடில பின்னாடி ஒண்ணுமே தெரியாத அளவுக்கு கருப்பா புகை. அஞ்சாவது கியர்ல ஃபுல்லா குடுத்தா ஆர்பிஎம் சர்ருனு ஏறுது, ஸ்பீடு ஏறல. ஒரு தடவை இன்ஜின் லைட் எரிஞ்சு வண்டி இழுக்கவே இல்ல, ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் சரியாச்சு. மீட்டர்ல ஆவரேஜ் முன்னைய விட நல்லா காட்டுது, ஆனா பங்க்ல பில் அதிகமா வருது, அது எப்படின்னே புரியல. பண்ண எடத்துல கேட்டா டீசல்னா புகை வரத்தான் செய்யும்ங்கறாங்க. பொல்யூஷன் சர்டிபிகேட் வேற முடியப் போகுது.

டீசல் பட்டறை:
தம்பி, நல்லா இருக்குற டீசல் வண்டி ரீமேப்புக்கு அப்புறமும் அப்படிப் புகையக் கூடாது. கருப்புப் புகைன்னா டீசல் அதிகம், காத்து கம்மி, அவ்வளவுதான். ஈசியூ உள்ள ஸ்மோக் லிமிட்டர்னு ஒரு டேபிள் இருக்கும், இவ்வளவு காத்து உள்ள வந்தா இவ்வளவு டீசல்தான் அடிக்கணும்னு. சில பேர் அதைத் தளர்த்திட்டு டீசலை மட்டும் ஏத்தி விட்டுடுவாங்க, வண்டி இழுக்குற மாதிரி இருக்கும், ஆனா எக்ஸாஸ்ட் சூடு ஏறி டர்போவும் பிஸ்டனும் அடி வாங்கும். உங்க வண்டில ஃபிக்ஸட் ஜாமெட்ரி (உள்ள பிளேடு கோணம் மாறாத) சின்ன டர்போ, அது தர்ற காத்துக்கு ஒரு எல்லை இருக்கு. மேப்ப குறை சொல்றதுக்கு முன்னாடி காத்து போற வழியப் பாருங்க: ஏர் ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார், இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கிறது) ஹோஸ். ஸ்கேனர் போட்டு என்ன கோடு விழுந்திருக்குனு சொல்லுங்க.

கொங்கு டிரைவர்:
ரீமேப்ப எடுத்துட்டு டியூனிங் பாக்ஸ் (சென்சார் வயர்ல இடையில மாட்டுற சின்னப் பெட்டி) போட்டுக்கலாமேங்க? கழட்டி மாட்டிக்கலாம், செலவும் கம்மி.

டீசல் பட்டறை:
வேணாம்ங்க. அந்த மாதிரி பாக்ஸ் பெரும்பாலும் ரயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம்) சென்சார் சிக்னலை கம்மியா காட்டி ஈசியூவ ஏமாத்துது, அது பிரஷர் பத்தலன்னு நெனச்சு பம்ப்ப இன்னும் அழுத்தச் சொல்லும். இன்ஜெக்டருக்கும் பம்புக்கும்தான் பாரம். காத்து பத்தாத வண்டிக்கு அதுலயும் புகைதான் வரும்.

ரெண்டு லட்சம் ஓடிய டிசையர்:
மீட்டர் விஷயம் நான் சொல்றேன். மீட்டர்ல வர்ற ஆவரேஜ் டேங்க்ல அளந்து சொல்றது கிடையாது, ஈசியூ எவ்வளவு டீசல் அடிச்சேன்னு அதுவா போடுற கணக்கு. ரீமேப்புல இன்ஜெக்டர் திறந்திருக்குற நேரத்தோட டேபிள்லயே கை வச்சிருந்தா ஈசியூ கம்மியா அடிச்சதா நெனச்சுக்கும், நெஜத்துல அதிகமா போயிருக்கும். ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் நிரப்பி, ஓட்டிட்டு, அதே பங்க்ல அதே மாதிரி நிரப்பி, ஓடின கிலோமீட்டரை லிட்டரால வகுங்க, அதான் உண்மையான மைலேஜ்.

அஞ்சாவது கியர் மேட்டர் சந்தேகமே இல்ல, கிளட்ச் ஸ்லிப், அதாவது இன்ஜின் சுத்தறத முழுசா சக்கரத்துக்குக் கடத்தாம கிளட்ச் வழுக்குது. 190க்கு செஞ்ச கிளட்ச், அதுவும் பாதி தேஞ்சிருக்கும், 240 வந்தா தாங்காது. அப்படியே ஓட்டாதீங்க, ஃபிளைவீலும் சூட்டுல போயிடும்.

இன்னொண்ணு, இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லாம ரீமேப் பண்ணிருந்தா க்ளெய்ம்ல தகராறு வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் படிச்சுக்கங்க. 2019 திருத்தத்துல அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம்.

சேலத்து ஸ்விஃப்ட்:
ரொம்ப நன்றிங்க. ஸ்கேன் பண்ணேன், பி 0299 காட்டுச்சு, அண்டர்பூஸ்ட், அதாவது டர்போ காத்தழுத்தம் பத்தலன்னாங்க. பட்டறைல பம்பர் கழட்டிப் பாத்தா இன்டர்கூலர்ல இருந்து மேல வர்ற ஹோஸ் கிளாம்ப்புக்கு ஒட்டி அடிப்பக்கமா விரலளவு கிழிஞ்சு கெடக்கு, சுத்தி ஆயில் பிசுபிசுனு மண்ணு ஒட்டி இருந்துச்சு. ஏத்தத்துல புஸ்ஸுனு ஒரு சத்தம் கேக்கும், டர்போ சத்தம்னு விட்டுட்டேன், அது இதான். ஹோஸ் மாத்தியாச்சு, ஏர் ஃப்ளோ சென்சாரும் ஸ்ப்ரே போட்டு சுத்தம் பண்ணாங்க. இன்ஜின் லைட் வரல, புகை பாதிக்கு மேல கொறஞ்சிருச்சு, ஆனா அழுத்தினா இன்னும் கொஞ்சம் வருது. கிளட்ச் அப்படியேதான். இப்ப கிளட்ச் மாத்தவா, இல்ல ஸ்டாக் மேப்புக்கே (பழைய கம்பெனி செட்டிங்) போயிடவா?

டீசல் பட்டறை:
ஹோஸ் கிழிஞ்சது தெரியாமலே ரீமேப் பண்ணி விட்டிருக்காங்க பாருங்க, அதான் எனக்கு வருத்தம். மொதல்ல ஸ்கேன் பண்ணி, பூஸ்ட் லாக் (ஓட்டறப்ப டர்போ அழுத்தம் எவ்வளவுங்கற பதிவு) எடுத்துப் பாத்துட்டுதான் ஈசியூல கையே வைக்கணும்.

முதல் வேலையா உங்க ஒரிஜினல் ஃபைல் அவங்க கிட்ட இருக்கானு கேளுங்க, ஒரு காப்பி வாங்கி வச்சுக்கங்க. ஸ்டாக் ஃபைலை ஏத்திட்டு பொல்யூஷன் டெஸ்ட்டுக்குப் போங்க, பாரத் ஸ்டேஜ் 4 டீசல் வண்டிக்கு புகை அளவு 1.62க்குள்ள இருக்கணும். ஸ்டாக்லயும் தாண்டுச்சுன்னா மேப்ப விட்டுட்டு இன்ஜெக்டர், ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்புற வால்வு) பக்கம் பாக்கணும். கிளட்ச் எப்படியும் ஸ்லிப் ஆக ஆரம்பிச்சாச்சு, ஸ்டாக்ல கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், அப்புறம் மாத்தித்தான் ஆகணும். மாத்துறப்ப டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேத்து மாத்துங்க, கியர்பாக்ஸ் இறக்குற கூலி ரெண்டு தடவை குடுக்க வேணாம்.

சேலத்து ஸ்விஃப்ட்:
சரிங்கண்ணா. ஃபைல் இருக்குனு சொல்லிட்டாங்க, திங்கக்கிழமை ஸ்டாக் ஏத்திடறேன், டெஸ்ட்ல என்ன நம்பர் வருதுனு இங்கயே போடறேன்.