புதுப்பிப்பு: அந்த 2.4 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: தண்ணீர்த் தொட்டியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனரின் புரோப்புக்கு (ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைக்கருவி) சரியாக 100 மி.மீ. எதிரே இரும்புத் தகடு வைத்தால், ஸ்கேனர் ஏன் 102.4 என்று காட்டுகிறது?

மெஷினில் கோளாறு இல்லை. அது தூரத்தை அளப்பதே இல்லை, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளந்து, உடலில் ஒலி விநாடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டு ஆழமாக மாற்றுகிறது (1 செ.மீ. போய்வர சுமார் 13 மைக்ரோவிநாடி). நம் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரோ 28 டிகிரி, அதில் வேகம் சுமார் 1504தான். எதிரொலி தாமதமாக வருகிறது, மெஷின் அதைத் தூரம் என்று நினைக்கிறது. வெப்பநிலையைப் பாருங்கள் என்று சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி!

சரி, அப்புறம் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டு ஈரல் வாங்கி, 50 மி.மீ. தடிமனாக வெட்டி நடுவில் வைத்தேன். தகடு அசையவில்லை, ஆனால் திரையில் 100.0க்கு நெருங்கி வந்துவிட்டது. அந்த நகர்வை வைத்துக் கணக்குப் போட்டால் ஈரலில் வேகம் சுமார் 1580. பார்த்ததும் உண்மையிலேயே சிலிர்த்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள், காற்றுக் குமிழி இருந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

கொழுப்பில் வேகம் குறைவு, ஏறத்தாழ 1450. ஈரலில் கொழுப்பு சேர்ந்தால் வேகம் இறங்குவதும் இதனால்தான். அடுத்து அதை அளக்கப் போகிறேன், 37 டிகிரியில்தான், ஏனென்றால் சூடு ஏறினால் தண்ணீரில் வேகம் கூடும், கொழுப்பில் குறையும்.