புதுப்பிப்பு: மகனின் கிட்னி பயாப்சி முடிவு

போன மாதம் எழுதியிருந்தேன்: ஐந்து வயது மகனுக்குக் காலையில் இமை வீங்கியது, அலர்ஜி என்று பத்து நாள் சொட்டு மருந்து விட்டோம், கடைசியில் நெஃப்ராடிக் சிண்ட்ரோம், அதாவது கிட்னி வழியாகச் சிறுநீரில் புரதம் கசியும் நோய். ஆறு வாரம் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தும் சிறுநீரில் புரதம் நிற்கவில்லை. பயாப்சி, அதாவது கிட்னியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது, செய்யலாமா என்று கேட்டிருந்தேன்.

செய்தாயிற்று. எடுத்தது நூல் மாதிரி ஒரு துணுக்கு. அதில் 22 குளோமருலஸ், அதாவது இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததாம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் பிடிபட்டது: வடிகட்டியைச் சுற்றிப் பிடித்திருக்கும் போடோசைட் செல்களின் கால்கள் தட்டையாகிக் கிடந்தன. இதற்குப் பெயர் மினிமல் சேஞ்ச் டிசீஸ். நான் பயந்த எஃப்எஸ்ஜிஎஸ் (சில வடிகட்டிகளில் தழும்பு விழும் நோய்) தெரியவில்லை. ஆனால் அந்தத் தழும்பு முதலில் கிட்னியின் உள்ளடுக்கில் வரும், துணுக்கில் அகப்படாமலும் போகலாம் என்றார் டாக்டர். பாதி நிம்மதிதான்.

இப்போது டாக்ரோலிமஸ் என்ற, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கிறோம். தினமும் காலையில் டெஸ்ட் டியூபில் சிறுநீர் எடுத்து சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சொட்டுகிறோம்; புரதம் இருந்தால் கலங்கும். முன்பெல்லாம் பால் திரிந்த மாதிரி ஆகும். நேற்று தெளிவாக இருந்தது, இன்றும். மூன்று நாள் தொடர்ந்து இப்படி இருந்தால்தான் புரதம் நின்றதாகக் கணக்காம். அவனுக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது, உப்பு குறைக்க வேண்டியிருக்க, ஊறுகாய் கேட்டு ஒரே அழுகை.