கண்மாய் தூர்வார யாரிடம் போவது?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கண்மாய் தூர்வார, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் சங்கப் பணத்தைக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்ததிலிருந்து, "ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்" என்றே பலரும் எழுதுகிறீர்கள். முடியாது. அது அவர் கையில் இல்லை.

குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, தெருச் சாலை, சுடுகாடு இவைதான் கிராம ஊராட்சியின் அன்றாட வேலை. வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம் வாங்குவதும் அதுதான். பட்டா, சிட்டா என்றால் விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர். அவர் வருவாய்த் துறை ஆள். தலைவர் சொல்லி அவர் கேட்க வேண்டும் என்பதில்லை. பட்டா மாறுதலுக்குத் தலைவரை நச்சரிப்பதை நம் ஆட்கள் தயவுசெய்து நிறுத்தலாம்.

கண்மாய்க்கு வருவோம். ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குள் (சுமார் 100 ஏக்கர்) இருந்தால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள ஒன்றியக் கண்மாய். அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை, நம் பெரியவர்கள் பழக்கத்தில் இன்னும் 'பொதுப்பணி' என்று சொல்வது. நம்முடையது எது என்று தெரியாமல் மனு எழுதினால் இரண்டு அலுவலகமும் மாறி மாறித் திருப்பி அனுப்பும். ஒன்றியக் கண்மாயாக இருந்தாலும் சரியான பிடிஓவைப் (வட்டார வளர்ச்சி அலுவலர்) பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு பேர் உண்டு: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. கண்மாய் மனு முன்னவருக்கு, தெருவிளக்கு மனு பின்னவருக்கு. இதெல்லாம் முடியும் முன் ஜேசிபியை இறக்கினால், மண் திருட்டு என்று மாட்டப்போவது ஊரில் இருக்கும் நம் பையன்கள்தான்.

பணத்தை யாருடைய கையிலும் நேரடியாகக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். மெதுவாகத்தான் நகரும், ஆனால் கணக்கு இருக்கும். இதில் யாரையும் சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம். ஊராட்சிக் காசோலையிலேயே தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றுதானே வைத்திருக்கிறார்கள்?

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் நாம் போனில் கை தூக்க முடியாது. வீட்டில் இருக்கும் அம்மா, அத்தை, மதினிமார் போக வேண்டும். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-இலேயே சட்டம் ஆனது, கூட்டத்தில் மட்டும் ஏன் ஓரமாக நிற்க வேண்டும்? தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே நோட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முதலிலேயே கையெழுத்தை வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் உண்டு.

தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்திலும் சபை கூடும். 2016 இறுதியிலிருந்து 2019 முடியத் தேர்தலே நடக்காமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் ஊராட்சிகளை ஓட்டினார்கள். அப்போதும் தீர்மானங்கள் போட்டார்கள். ஆகவே "தலைவர் வரட்டும், பார்ப்போம்" என்ற சாக்கு வேண்டாம்.

சரி, இப்போது தேவை ஒன்றுதான்: ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் கண்மாயின் ஆயக்கட்டு எவ்வளவு, எந்தத் துறைப் பதிவில் இருக்கிறது என்று கேட்டு எழுத ஓர் ஆள். அடுத்த மாதம் விடுப்பில் ஊருக்குப் போகிறவர்கள் யார் யார்?